பழைய ஊதிய ஒப்பந்தத்தைத் தேடி எடுப்பது எப்படி? சேலம் பொதுத்துறை ஊழியர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓய்வு பெறும் சமயத்தில்தான் பெரும்பாலும் விஷயம் வெளியே வரும். பதினைந்து வருடத்துக்கு முன்பு போட்டிருக்க வேண்டிய ஊதிய உயர்வு ஒன்று போடப்படவே இல்லை என்று அப்போது தெரியும். அல்லது நமக்குப் பின்னால் சேர்ந்தவரின் அடிப்படைச் சம்பளம் நம்முடையதைத் தாண்டி நிற்கும். அலுவலகத்தில் கேட்டால் "ஒப்பந்தப்படிதான் போட்டிருக்கிறோம்" என்பார்கள். எந்த வருட ஒப்பந்தம், எந்த ஷரத்து என்று கேட்டால் பதில் வராது. ஒப்பந்தம் கையில் இல்லாமல் வழக்குப் போட்டாலும் பயனில்லை. பழைய தொழில் தகராறு சட்டத்தின் 33சி(2) பிரிவில் நீதிமன்றம் ஏற்கெனவே உள்ள உரிமையைப் பணமாகக் கணக்கிட்டுத்தான் கொடுக்கும். அந்த உரிமை எந்தத் தாளில் இருக்கிறது என்று காட்ட வேண்டியது நீங்கள்.

அந்தத் தாளைத் தேடிப் பிடிக்கும் வழி இது. நாலைந்து மாதம் ஆகும் என்று மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பணச்செலவு அதிகமில்லை, பெரும்பாலும் சில நூறு ரூபாயில் முடியும்.

1. உங்களுடையது ஒப்பந்தமா, அரசாணையா?

இதைத் தவறாகப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் அலைபவர்கள் பலர். அரசுத் துறை ஊழியர் என்றால் உங்கள் சம்பளம் ஒப்பந்தத்தில் இல்லை, நிதித்துறை அரசாணையில் இருக்கிறது. ஐந்தாவது ஊதியக் குழுவை ஒட்டியது 13.4.1998 தேதியிட்ட அரசாணை எண் 162, ஆறாவதுக்கு 1.6.2009இன் எண் 234, ஏழாவதுக்கு 11.10.2017இன் எண் 303. இந்த ஆணைகள் எளிதாகக் கிடைக்கும், இந்தக் கட்டுரை அவர்களுக்குத் தேவைப்படாது.

போக்குவரத்துக் கழகம், மின்வாரியம், தமிழ்நாடு மாக்னசைட், இரும்பாலை ஆகிய இடங்களில் தொழிலாளராக வேலை பார்த்தவர்களுக்குத்தான் ஒப்பந்தம். மின்வாரியத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதை அமல்படுத்த வாரிய ஆணை ஒன்று வரும். எல்லோரும் 'பி.பி.' (போர்டு புரொசீடிங்ஸ்) என்று சொல்வது அதைத்தான். அங்கே இரண்டும் வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருப்பதைப் பி.பி. மூன்று பக்கத்துக்கு விரித்திருக்கும், சில சமயம் சுருக்கியும் இருக்கும். தகராறு பிறக்கும் இடம் பல நேரம் அந்தச் சுருக்கம்தான்.

2. நிறுவனத்தின் அன்றைய பெயரைக் கண்டுபிடியுங்கள்

பழைய கோப்பு பழைய பெயரில்தான் அடுக்கப்பட்டிருக்கும். இன்றைய பெயரில் கேட்டால் "அப்படி எதுவும் இல்லை" என்று எழுதிவிடுவார்கள், அது பொய்யும் ஆகாது.

சேலம் போக்குவரத்துக் கழகம் 1997 வரை அண்ணா போக்குவரத்துக் கழகம். தர்மபுரிப் பக்கம் அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம் தனியாக இருந்தது, பிறகுதான் எல்லாம் ஒன்றாயின. தர்மபுரி டெப்போவில் சேர்ந்து சேலத்தில் ஓய்வு பெற்றவருக்கு இரண்டு நிறுவனத்துக் கோப்பும் வேண்டியிருக்கும். மின்வாரியம் 1.11.2010 அன்று டான்ஜெட்கோ, டான்டிரான்ஸ்கோ என்று பிரிந்தது. 2024இல் டான்ஜெட்கோவும் உற்பத்திக்குத் தனி, பகிர்மானத்துக்குத் தனி என்று பிரிந்துவிட்டது. சேலத்தில் பர்ன் ஸ்டாண்டர்டு என்று இருந்த தீச்செங்கல் ஆலை 2011இல் செயில் ரிஃப்ராக்டரி கம்பெனி ஆனது.

உங்கள் பணி நியமன ஆணையின் தலைப்பில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே, பெயர் மாறிய ஒவ்வொரு வருடத்தையும் எழுதுங்கள். இனி எழுதும் எல்லா மனுவிலும் இரண்டு பெயரும் இருக்க வேண்டும்.

3. இரண்டு தேதி, ஒரு பிரிவு எண்

ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் கையெழுத்தான தேதி ஒன்று, அமலுக்கு வரும் தேதி ஒன்று. போக்குவரத்துக் கழகங்களின் 14வது ஊதிய ஒப்பந்தம் அமலுக்கு வந்ததாகக் கணக்கு 1.9.2019. கையெழுத்தானதோ 24.8.2022. இரும்பாலைக்குப் பொருந்தும் எஃகுத் துறை ஊதிய உடன்பாடு 1.1.2017 முதல் என்றாலும் கையெழுத்து 2021 அக்டோபரில்தான். தொழிலாளர் அலுவலகப் பதிவேடு கையெழுத்துத் தேதிப்படி போகும், சம்பளப் பட்டியல் அமல் தேதிப்படி போகும். "2019 ஒப்பந்தம்" என்று கேட்டால் 2019ஆம் வருடப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு இல்லை என்பார்கள். அதனால் ஒரே வருடத்தைக் குறிப்பிடாமல், அமல் தேதியிலிருந்து ஐந்து வருடக் காலத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது பிரிவு எண். தொழிலாளர்கள் 'பன்னிரண்டு மூணு' என்று சொல்வது தொழில் தகராறு சட்டம் 1947இன் 12(3). சமரச அலுவலர் முன்னிலையில் போடப்படுவது. இது அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும், பின்னால் சேர்ந்தவரையும், எந்தச் சங்கத்திலும் இல்லாதவரையும் சேர்த்துத்தான். 18(1) என்பது நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் போட்டுக்கொள்வது, கையெழுத்துப் போட்ட தரப்பை மட்டுமே கட்டுப்படுத்தும். "நீங்கள் அந்தச் சங்கத்தில் இல்லையே" என்று யாராவது மறுத்தால், ஒப்பந்தம் 18(1)தானா என்று முதலில் பாருங்கள். 12(3) என்றால் அந்தப் பதில் செல்லாது.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 2020 அமலில் இருக்கிறது. புதிதாக மனுப் போடும்போது எந்தப் பிரிவு என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தேடலுக்கு மட்டும் பழைய எண்கள்தான் உதவும், ஏனென்றால் பழைய கோப்பின் மேலட்டையில் 12(3), 18(1) என்றுதான் எழுதியிருக்கும்.

4. காசில்லாமல் கிடைக்கும் இடங்கள்

முதலில் சொந்தப் பெட்டி. ஊதிய நிர்ணய ஆணை, ஆண்டு ஊதிய உயர்வு ஆணை, விருப்பக் கடிதம், நிலுவைத் தொகை வந்த மாதத்தின் சம்பளச் சீட்டு ஆகியவற்றைத் தேடுங்கள். ஊதிய நிர்ணய ஆணையின் 'பார்வை' வரிசைதான் தங்கம். "பார்வை: 1. ஒப்பந்தம் நாள்..., 2. சுற்றறிக்கை எண்..." என்று நீங்கள் தேடும் தாளின் எண்ணும் தேதியும் அங்கேயே இருக்கும்.

அடுத்து சங்க அலுவலகம். தொமுச, சிஐடியு, ஏஐடியுசி, ஐஎன்டியுசி, அண்ணா தொழிற்சங்கப் பேரவை என்று எந்தச் சங்கமானாலும் கூச்சப்படாமல் போங்கள். பல ஒப்பந்தங்களைச் சங்கங்கள் சிறு புத்தகமாக அச்சடித்து உறுப்பினர்களுக்குக் கொடுத்திருக்கின்றன. உங்கள் சங்கத்தில் இல்லையென்றால் கையெழுத்துப் போட்ட வேறு சங்கத்தில் கேளுங்கள். ஓய்வு பெற்ற கிளைச் செயலாளர்கள் வீட்டுப் பரணில் இருக்கும் கட்டுகளை நிர்வாகத்தின் ஆவண அறைக்கும் மேலாக மதிக்கலாம். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள், வருடத்தையும் ஷரத்தின் பொருளையும் எழுதிக்கொண்டு போங்கள். "ஐயா, கண்டக்டருக்கான தேர்வுநிலை உயர்வு எந்த ஒப்பந்தத்தில் வந்தது?" என்று கேட்டால் அவர்களுக்கு உடனே நினைவு வரும். "பழைய ஒப்பந்தம் இருக்கா?" என்று கேட்டால் வராது.

சங்கப் புத்தகம் வழி காட்டும், சாட்சியாக நிற்காது. அச்சுப் பிழை இருக்கும், இணைப்புகளை விட்டிருப்பார்கள். அதிலிருந்து தேதியை எடுத்துக்கொண்டு, சான்றிட்ட நகலுக்கு அடுத்த படிக்குப் போங்கள்.

5. எந்தத் தொழிலாளர் அலுவலகம்?

மாநிலம் முழுமைக்கும் பொதுவான ஒப்பந்தங்கள் சென்னையில் கையெழுத்தாகும். அவற்றின் மூலக்கோப்புக்குத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தைக் கேட்க வேண்டும். சேலம் கழகத்துக்கோ ஓர் ஆலைக்கோ மட்டுமான போனஸ், வசூல் பேட்டா, பணி நேரம், உணவகம் போன்ற ஒப்பந்தங்களுக்குச் சேலத்திலுள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) அலுவலகம்.

இரும்பாலை போன்ற மத்தியப் பொதுத்துறைக்கு அதிகாரம் மத்திய அரசுக்கு. சென்னை சாஸ்திரி பவனில் உள்ள மத்தியத் தொழிலாளர் ஆணைய அலுவலகத்துக்கு எழுதுங்கள். இங்கே ஒரு குழி உண்டு. மத்தியப் பொதுத்துறைக்கு மத்திய அரசே உரிய அரசு என்பது 2010 சட்டத் திருத்தத்தில்தான் தெளிவாக எழுதப்பட்டது. அதற்கு முந்தைய ஒப்பந்தம் என்றால் மாநில அலுவலகத்திலும் தேடுங்கள்.

நேரில் போனால் இரண்டே விஷயங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்: கோப்பின் ந.க. எண்ணும் (அலுவலகம் கோப்புக்கு இடும் எண்), அது எந்த வகையில் முடிக்கப்பட்டது என்பதும். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டிய கோப்பு. டி.டிஸ். பத்து வருடம், கே.டிஸ். மூன்று வருடம், எல்.டிஸ். ஒரு வருடம். இந்தக் குறி தெரிந்துவிட்டால், கோப்பு இருக்க வாய்ப்புண்டா என்பது பாதி தெரிந்துவிடும்.

6. தகவல் உரிமை மனு

வாய்மொழியாகக் கேட்டு மூன்று முறை அலைவதைவிட முதல் நாளே ஒரு மனு போடுவது மேல். நிறுவனத்துக்கு ஒன்று, தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒன்று என இரண்டையும் ஒரே நாளில் போடுங்கள். ஒருவர் இல்லை என்றாலும் மற்றவரிடம் வரும்.

கட்டணம் 10 ரூபாய். மாநில அலுவலகம் என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தை ஒட்டிய முத்திரைத்தாள் விற்பனையாளர்களிடம் கிடைக்கும். அதே ஸ்டாம்பை மத்திய நிறுவனத்துக்கு ஒட்டி அனுப்பினால் மனு திரும்பி வரும். மத்திய விதியில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் கிடையாது, அஞ்சல் ஆணை, வரைவோலை, ரொக்கம் போன்ற வழிகள்தான். அஞ்சல் ஆணை யார் பெயருக்கு என்பதை அந்த நிறுவனத்தின் தகவல் உரிமைப் பக்கத்தில் பார்த்து எடுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்று இணைத்தால் கட்டணமே இல்லை.

நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 40 பக்க ஒப்பந்தம் என்றால் 80, மனுவோடு சேர்த்து 90 ரூபாய். பணம் கட்டச் சொல்லி அவர்கள் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் கட்டும் நாள் வரை, தகவல் தர அவர்களுக்கு உள்ள 30 நாள் கெடுவில் சேராது. எனவே கடிதம் வந்த அன்றே கட்டுங்கள். 30 நாளுக்குள் தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின் 7(6) பிரிவின்படி நகலை இலவசமாகத் தர வேண்டும். அதையும் மேல்முறையீட்டில் கேளுங்கள்.

மனுவின் வாசகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இப்படி எழுதுங்கள்:

"அண்ணா போக்குவரத்துக் கழகம், சேலம் (தற்போது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் (சேலம்) லிட்.) நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே 1.1.1990 முதல் 31.12.1996 வரையிலான காலத்தில் தொழில் தகராறு சட்டம் 1947 பிரிவு 12(3) மற்றும் 18(1)இன் கீழ் கையெழுத்தான, ஊதியம் மற்றும் படிகள் தொடர்பான ஒப்பந்தங்களின், அனைத்து இணைப்புகளும் அட்டவணைகளும் உள்ளிட்ட சான்றிட்ட நகல்கள். அவற்றை அமல்படுத்த வெளியிடப்பட்ட சுற்றறிக்கைகளின் சான்றிட்ட நகல்கள். மேற்படி காலத்துக்கான ஒப்பந்தப் பதிவேட்டின் தொடர்புடைய பக்கங்களின் நகல்."

'இணைப்புகளும் அட்டவணைகளும்' என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். உங்கள் சம்பளத்தைத் தீர்மானிக்கும் ஊதிய நிர்ணய அட்டவணை ஒப்பந்தத்தின் உடலில் இருக்காது, பின்னால் இணைப்பாக இருக்கும். ஏற்காட்டில் பணியாற்றிய காலத்து மலைப்படி போன்றவையும் அப்படித்தான், இணைப்பிலோ தனி ஆணையிலோ ஒளிந்திருக்கும். பதிவேட்டுப் பக்கம் கேட்பது, உங்களுக்குத் தெரியாத ஒப்பந்தம் ஏதாவது இருந்தால் அதுவும் வெளியே வருவதற்காக.

"எனக்கு ஏன் தரவில்லை?", "இது சரியா?" என்று எழுதாதீர்கள். ஆவணமாக இருப்பதைத்தான் கேட்க முடியும், விளக்கம் கேட்டால் அதைக் காட்டியே தள்ளிவிடுவார்கள். கோபத்தை இந்தத் தாளில் வைக்காதீர்கள், அதற்கு வேறு மனு இருக்கிறது.

தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டால் 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்ற வேண்டியது அவர்கள் பொறுப்பு. "வணிக ரகசியம்" என்று மறுத்தால் இரண்டு பதில். எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும் 12(3) ஒப்பந்தத்தை அவர்களிடமிருந்தே ரகசியம் என்று மறைக்க முடியாது. தவிர, 20 வருடத்துக்கு முந்தைய விஷயம் என்றால் 8(3) பிரிவு வணிக ரகசிய விலக்கை எடுத்துவிடுகிறது.

கூட்டுறவு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டுறவுச் சங்கம் என்பதாலேயே தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வந்துவிடாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சங்கம் மறுத்தால், அதை மேற்பார்வை செய்யும் பதிவாளர் அலுவலகத்துக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் மனு போடுங்கள். அவை அரசு அலுவலகங்கள், அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது.

அனுப்புவது ஸ்பீடு போஸ்ட்டில். பதிவுத் தபால் 2025இல் அதோடு இணைந்துவிட்டது. ரசீதையும், கிடைத்ததற்கான பதிவை இணையத்தில் பார்த்து அச்செடுத்த தாளையும் மனு நகலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.

7. "கோப்பு கிடைக்கவில்லை" என்று பதில் வந்தால்

பலர் விட்டுவிடுவது இங்கேதான். விடாதீர்கள். கோப்பு கிடைக்கவில்லை என்பது சட்டத்தில் உள்ள விலக்கு அல்ல. பதில் வந்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள், கட்டணம் கிடையாது. அதில் "கோப்பு அழிக்கப்பட்டிருந்தால் அழிப்புப் பதிவேட்டில் அதற்கான பதிவின் சான்றிட்ட நகலும், அழிக்க உத்தரவிட்ட ஆணையின் நகலும் தரவும்" என்று சேருங்கள். முறைப்படி அழித்திருந்தால் பதிவு இருக்கும், தருவார்கள். பதிவும் இல்லையென்றால் கோப்பு எங்கோ இருக்கிறது என்று பொருள், பல சமயம் இந்த ஒரு வரிக்குப் பிறகு கோப்பு கிடைத்துவிடும். கூடவே ஆவண அறையை நேரில் பார்வையிட அனுமதியும் கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை.

முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், அதிகபட்சம் 45 நாள். அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநில அல்லது மத்தியத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையத்தில் மாதக்கணக்கில் ஆகும், அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

8. பழைய வழக்குகளில் தேடுங்கள்

உங்களுக்கு முன்னால் யாராவது இதே ஒப்பந்தத்தை வைத்து வழக்காடியிருப்பார்கள். அப்போது அது சான்றாவணமாகக் குறியிடப்பட்டு நீதிமன்றக் கட்டில் இருக்கும். சேலம் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தும் வழக்கறிஞர்களிடமும் சங்கத்திலும் பழைய வழக்கு எண்களை (ஐ.டி., சி.பி. என்று தொடங்கும்) கேளுங்கள். எண் கிடைத்தால் சான்றிட்ட நகலுக்கு மனு போடலாம். நீங்கள் அந்த வழக்கில் தரப்பினர் இல்லையென்றால், எதற்காக வேண்டும் என்று காரணம் காட்டும் பிரமாணப் பத்திரமும் வேண்டும்.

சமரசத்தில் முடியாமல் தீர்ப்பாயத்துக்குப் போயிருந்தால் உங்களிடம் இருக்க வேண்டியது ஒப்பந்தம் இல்லை, தீர்ப்பு. பழைய தீர்ப்புகள் அரசிதழில் வெளியாகியிருக்கும், ஒப்பந்தங்கள் வெளியாகியிருக்காது. அதனால் அரசிதழில் இல்லை என்பதை வைத்து ஒப்பந்தமே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

9. கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை

பழைய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் லீகல் சைஸ் தாளில் தட்டச்சு செய்து, கார்பன் நகலாகவோ சைக்ளோஸ்டைலாகவோ இருக்கும். அதை ஏ4இல் நகலெடுத்தால் அட்டவணையின் வலது ஓரப் பத்தியும் பக்கத்தின் கடைசி வரியும் வெட்டுப்படும். அந்த வலது ஓரப் பத்திதான் 'புதிய அடிப்படை ஊதியம்'. வாங்கும்போதே ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பக்க எண்ணைத் தொடர்ச்சியாக எண்ணுங்கள். கடைசிப் பக்கத்தில் நிர்வாகத் தரப்பு, தொழிலாளர் தரப்பு, சாட்சிகள், சமரச அலுவலர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். சமரச அலுவலர் கையெழுத்து இல்லாத தாள் வரைவாக இருக்கலாம், 18(1) ஆகவும் இருக்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் 'உண்மை நகல்' முத்திரை, கையெழுத்து, தேதி வேண்டும்.

பிறகு நிதானமாகப் படியுங்கள். யாருக்குப் பொருந்தும் என்ற ஷரத்தில் "இன்ன தேதியில் பணிப்பதிவேட்டில் உள்ளவர்கள்" என்று இருக்கும், அந்தத் தேதியில் நீங்கள் தற்காலிகப் பணியில் இருந்தீர்களா, நிரந்தரமா என்பதைப் பொறுத்தே எல்லாம். விருப்பம் தெரிவிக்கக் கெடு இருந்ததா, நிலுவை எந்தத் தேதியிலிருந்து, உங்கள் பதவியின் பெயர் அட்டவணையில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள்.

"இந்த ஒப்பந்தத்தில் மாற்றப்படாத இதர சலுகைகள் தொடரும்" என்ற வரி வந்தால் அடியில் கோடு போடுங்கள். பல படிகள் முந்தைய ஏதோ ஒரு ஒப்பந்தத்தில் பிறந்து, இந்த ஒரு வரியில்தான் உயிரோடு வந்துகொண்டிருக்கும். அப்படியானால் முந்தைய ஒப்பந்தத்தையும், தேவைப்பட்டால் அதற்கு முந்தையதையும் எடுத்தாக வேண்டும். "அந்த ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது" என்ற பதிலுக்குப் பழைய தொழில் தகராறு சட்டத்தின் 19(2) பிரிவைக் காட்டுங்கள். காலம் முடிந்தாலும், ஒரு தரப்பு எழுத்து மூலம் முறிவு அறிவிப்புக் கொடுத்து இரண்டு மாதம் ஆகும் வரை ஒப்பந்தம் கட்டுப்படுத்தும்.

10. வழக்குக் கெடு

ஒப்பந்தப்படி வர வேண்டிய தொகை உறுதியாகத் தெரிந்தால், அதை வசூலித்துத் தர அரசுக்கு மனு போடும், பழைய தொழில் தகராறு சட்டத்தின் 33சி(1) வழிக்குத் தொகை வர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டு கெடு. தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் ஏற்க இடமுண்டு. நகல் கேட்டு நீங்கள் அலைந்த தேதிகள்தான் அந்தக் காரணம், அதனால்தான் ரசீதுகளைப் பத்திரப்படுத்தச் சொன்னது. ஊழியர் இறந்திருந்தால் வாரிசுகளே மனு போடலாம். அதற்கு வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று வேண்டும், தேடலைத் தொடங்கும்போதே அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் சொந்தப் பணிப்பதிவேட்டின் நகலையும் தனி மனுவாகக் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்த அட்டவணையையும் பணிப்பதிவேட்டின் ஊதிய நிர்ணயப் பக்கத்தையும் அருகருகே வைத்து, வருடவாரியாக வித்தியாசத்தை எழுதிக்கொண்டு போனால் வழக்கறிஞரின் வேலை பாதி குறையும். அவரிடம் ஜெராக்ஸை மட்டும் கொடுங்கள், முத்திரை போட்ட நகல் தாக்கல் செய்யும் நாள் வரை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.